அலெக்ஸ் ஜேம்ஸ் ஆர்சனலுக்குப் போனதும் கோல் ஏன் குறைந்தது?

கல்லடி_மணல்

மாரி தொடங்கினால் மைதானம் வாரக்கணக்கில் தண்ணிக்குள்ள கிடக்கும். அந்த நாட்களில் 16 வயதுக்குட்பட்ட அணிப் பிள்ளைகளை வகுப்பறையில் இருத்தி, பழைய உதைபந்தாட்டக்காரர் ஒராளைப் பற்றிச் சொல்ல ஏற்பாடு. தெரிவு செய்தது ஸ்கொட்லாந்துக்காரர் அலெக்ஸ் ஜேம்ஸ். கையில் இருக்கிற லீக் கணக்கு இது:

ரெய்த் ரோவர்ஸ் 1922 முதல் 1925 வரை, 100 ஆட்டம் அளவில் 27 கோல். பிரெஸ்டன் நோர்த் எண்ட் 1925 முதல் 1929 வரை, 147 ஆட்டத்தில் 53. ஆர்சனல் 1929 முதல் 1937 வரை, 231 ஆட்டத்தில் 26.

மூன்று ஆட்டத்துக்கு ஒரு கோல் என்று அடித்த ஆள் ஒன்பது ஆட்டத்துக்கு ஒன்று என்று இறங்கியிருக்கிறார். ஆனா ஆர்சனல் எடுத்த நான்கு லீக் பட்டத்துக்கும் அவர்தான் மூளை என்று எல்லாரும் எழுதுறாங்க. பிள்ளைகள் கட்டாயம் கேட்பாங்க: "கோல் அடிக்காத போவேர்டுக்கு என்ன பெருமை சேர்?" பதில் தெரிஞ்சவங்க சொல்லுங்க. 1925ஆம் ஆண்டு ஓஃப்சைட் மாற்றத்தோடு இதற்குத் தொடர்பு என்கிறாங்க, அதை இலேசாக விளக்க வழி இருக்கா? தண்ணி வத்தினதும் மைதானத்தில் செய்து காட்டக்கூடிய பயிற்சி ஒன்றும் வேணும். சுவரில் ஒட்டும் படத்தில் அவர் ஷேர்ட்டுக்குப் பத்தாம் இலக்கம் போட்டிருக்கேன், சரிதானே?

வாவிக்கரை

கணக்கு சரி சேர். பிரெஸ்டனில் அவர் நின்றதும் இன்சைட் லெஃப்ட் (ஐந்து பேர் முன்வரிசையில் இடது விங்குக்கும் சென்டர் போவேர்டுக்கும் இடையில்), ஆர்சனலில் நின்றதும் இன்சைட் லெஃப்ட். பெயர்தான் ஒன்று, வேலை வேற. அந்தப் புது வேலை பிறந்ததே ஓஃப்சைட் சட்டத்தால்.

கரும்பலகையை விடுங்க. மேசையில் மூன்று கல்லும் ஒரு சிப்பியும் வைங்க. கல்லுகள் தடுக்கிற பக்கம்: ஒன்று கோலி, மற்ற இரண்டும் பெக். சிப்பி, அடிக்க வாற போவேர்ட். பழைய சட்டப்படி, பந்து உதைபடும் நேரத்தில் போவேர்டுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணிக்காரர் மூன்று பேர் இருக்கணும். மூன்று கல்லும் சிப்பிக்கு அந்தப் பக்கம் இருந்தால் ஓஃப்சைட் இல்லை. இப்ப ஒரு பெக்கை மட்டும் சிப்பியைத் தாண்டி முன்னுக்கு நகர்த்துங்க. மிஞ்சுறது இரண்டு கல். ஓஃப்சைட். நகர்ந்தவர் நேரம் பிசகிப் போனாலும் மற்ற பெக் கோலிக்கு முன்னால நிக்கிறார், பயமில்லை. செலவில்லாத பொறி. நியூகாசில் பெக் பில் மக்ரக்கன் இதில் பேர் போன ஆள். ஆட்டம் நடுக்கோட்டைச் சுற்றி நெரிபட்டது, சனம் சலிச்சுப்போச்சு.

1925இல் ஸ்கொட்லாந்துச் சங்கத்தின் பிரேரணைப்படி மூன்று இரண்டாகக் குறைந்தது. இப்ப அதே மேசையில் அதே பொறியை வைச்சுப் பாருங்க. ஒரு பெக்கை முன்னுக்கு நகர்த்தினாலும் சிப்பிக்கு அந்தப் பக்கம் இரண்டு கல் மிஞ்சுது, ஓஃப்சைட் இல்லை. பொறி வேலை செய்யணுமென்றால் இரண்டாவது பெக்கும் வரணும். அவரும் வந்து, நேரம் ஒரு நொடி பிசகினால் சிப்பிக்கு முன்னால கோலி மட்டும்தான். இங்கிலாந்து முதல் பிரிவில் 1924-25இல் 462 ஆட்டத்துக்கு 1,192 கோல். அடுத்த பருவம் அதே 462 ஆட்டத்துக்கு 1,703. ஆட்டத்துக்கு 2.58ஆக இருந்தது 3.69.

இனி ஆர்சனல். 1925 ஒக்டோபர் 3, நியூகாசிலிடம் 7-0 தோல்வி. முகாமையாளர் ஹேர்பர்ட் சப்மன், அணித்தலைவர் சார்லி பக்கன். இரண்டு பேரும் கதைச்சு எடுத்த முடிவு, நடுவில் ஓடித்திரிந்த சென்டர் ஹாப்பை இரண்டு பெக்குக்கும் இடையில் இறக்கி மூன்றாவது பெக் ஆக்குறது. அடைச்சாச்சு. ஆனா அவர் விட்டுவந்த இடம் நடுவில் பள்ளமாகக் கிடக்குது. பெக் வென்றெடுத்த பந்தை முன்வரிசைக்குக் கொண்டுபோக அங்க ஆள் இல்லை. அதனால இன்சைட் போவேர்ட் ஒராளைப் பின்னுக்கு இழுத்தாங்க. முதலில் அந்த வேலையைச் செய்தவர் அண்டி நீல். இரண்டு நாள் கழிச்சு வெஸ்ட் ஹாமை 4-0 என்று வென்றாங்க.

நீல் பள்ளத்தை நிரப்பினார், அவ்வளவுதான். அங்க நின்று ஆட்டத்தை நடத்தக்கூடிய ஆளைச் சப்மன் நாலு வருசம் தேடி, 1929 யூனில் 8,750 பவுணுக்கு வாங்கினவர்தான் ஜேம்ஸ். ஆக, கோல் அடிக்க வேணாம் என்று சொல்லியே வாங்கின ஆள். பிரெஸ்டனில் அடித்துப் பழகினவருக்கு அது உடனே ஏறவில்லை. அந்த முதல் பருவம் ஆர்சனல் லீக்கில் 14ஆம் இடம். மற்ற வருசங்களைப் போல அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்க.

சந்தாங்கேணி_இடதுகால்

சேர், முதல் வேலையா அந்தப் பத்தாம் இலக்கத்தை அழிச்சுடுங்க. இங்கிலாந்து லீக்கில் ஷேர்ட் இலக்கம் கட்டாயமானது 1939இல். ஜேம்ஸ் 1937இலேயே ஆட்டத்தை விட்டுட்டார். 1928இல் ஆர்சனல் ஒரு ஆட்டத்தில் இலக்கம் போட்டுப் பார்த்தது உண்மை, ஆனா அப்ப ஜேம்ஸ் பிரெஸ்டனில். படத்தில் வெறும் முதுகே சரி. அதுக்குப் பதிலா முழங்காலை மூடுற தொளதொள களிசானை வடிவா வரையுங்க. வாதக்குணம் இருந்ததால் உள்ளே நீளக் களிசான் போட்டு, அதை மறைக்கத் தொளதொளவென்று வெளிக்களிசான். கேலிச்சித்திரக்காரர் டொம் வெப்ஸ்டர் அதைப் பெருப்பிச்சு வரைய, அதுவே அவருக்கு அடையாளமாப் போச்சு. சுருட்டிவிடாத ஷேர்ட் கை, பட்டன் பூட்டின மணிக்கட்டு. உயரம் 5 அடி 6 அங்குலம் அளவில்.

வாழ்க்கைக் குறிப்புக்கு: பிறந்தது 1901 செப்டெம்பர் 14, லனார்க்‌ஷயரில் பெல்ஸ்ஹில்லுக்குப் பக்கத்து மொசெண்ட். நிலக்கரியும் உருக்கும் உள்ள ஊர். பெல்ஸ்ஹில் பாடசாலைக் காலத்திலிருந்தே கூட்டாளி ஹியூகி கலஹர், பின்னாளில் நியூகாசிலின் சென்டர் போவேர்ட். 1923 கோடையில் ஜேம்ஸ் இருந்த ரெய்த் கழகம் கனேரித் தீவுக்குப் போற வழியில் கப்பல் ஸ்பெயின் கரையில் தட்டினது, எல்லாரும் தப்பினாங்க. இது பாடத்துக்கு வேண்டாதது, ஆனா பிள்ளைகள் இதைத்தான் ஞாபகம் வைச்சிருப்பாங்க.

பிரெஸ்டனை விட்டதுக்குக் காரணம் காசும் நாட்டு அணியும். அந்தக் கழகம் இரண்டாம் பிரிவில் கிடந்தது, ஸ்கொட்லாந்து ஆட்டங்களுக்கு அவரை விடவும் பஞ்சிப்பட்டது. சம்பளத்துக்கோ லீக் போட்ட உச்சவரம்பு: ஆடும் 37 வாரத்துக்கு வாரம் 8 பவுண், கோடை 15 வாரத்துக்கு வாரம் 6 பவுண். கூட்டினால் வருசம் 386 பவுண். எந்தக் கழகத்துக்குப் போனாலும் அதுக்கு மேல சம்பளம் இல்லை, வென்றால் சின்ன போனஸ் மட்டும். ஆர்சனல் என்ன செய்தது? லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் விளையாட்டுச் சாமான் விளக்குநர் என்று வருசம் 250 பவுண் வேலை ஒன்று எடுத்துக் குடுத்தது. சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட, அந்த உச்சவரம்புக்கு வெளியில. 8,750 பவுண் கழகத்துக்குக் கழகம் போன காசு. ஆட்டக்காரர் கண்ணில் பட்டது இந்த 250தான்.

பட்டங்கள்: லீக் 1931, 1933, 1934, 1935. எஃப்.ஏ. கிண்ணம் 1930, 1936. இரண்டாவதில் அவரே தலைவர். 1932 இறுதியாட்டம் காயத்தால் ஆடவில்லை, நியூகாசிலிடம் 2-1 தோல்வி. எல்லாப் போட்டியும் சேர்த்து ஆர்சனலுக்கு 261 ஆட்டம், 27 கோல். ஸ்கொட்லாந்துக்கு எட்டே ஆட்டம். யுத்தத்தில் பீரங்கிப்படை, 1949இல் திரும்பவும் ஆர்சனலில் இளம் பிள்ளைகளுக்குப் பயிற்சி, 1953 யூன் 1 புற்றுநோயில் மரணம், வயது 51.

கல்லடி_மணல்

கல்லும் சிப்பியும் நல்ல வழி, மிச்சம் நன்றி. இலக்கத்தை அழிச்சாச்சு. ஒன்று கேட்கணும். எட்டே ஆட்டம் என்கிறீங்க, அதில் 1928இல் வெம்ப்ளியில் இங்கிலாந்தை 5-1 என்று வென்றதைத்தான் எல்லாரும் தூக்கிப்பிடிக்கிறது. அன்றைக்கு இரண்டு கோல் அடித்திருக்கிறார். அதுவும் இன்சைட் லெஃப்ட் தானே?

சந்தாங்கேணி_இடதுகால்

ஓம், ஆனா அது ஆர்சனலுக்கு முந்தின ஜேம்ஸ், அடிக்கிற ஜேம்ஸ். 1928 மார்ச் 31. முன்வரிசை: ஜக்சன், டன், கலஹர், ஜேம்ஸ், மோர்ட்டன். ஆக உயரமானவர் ஜக்சன், அவரே 5 அடி 7 அங்குலம். முதல் நாள் இரவு தலைவர் ஜிமி மக்மலன் சொன்னது, படுக்கப்போய் மழைக்கு மன்றாடுங்க என்று. மழையும் பெய்தது. ஈரப் புல்லில் பந்து வழுக்கி ஓடும், உயரமான பெக் நின்று கிறுகுறதுக்குள்ள குள்ளமான ஆள் இரண்டு எட்டு வைச்சிடுவார். நம்மட பிள்ளைகளுக்கு விளங்காத விசயமில்லை, மாரியில் சேற்றில் ஆடிப் பழகினவங்க. இடது விங் மோர்ட்டன் அனுப்பிய பந்துகளில் ஜக்சன் அடித்தது மூன்று. மற்ற இரண்டும் ஜேம்ஸ்.

மிகைப்படுத்தவும் வேணாம். அந்தப் பருவம் இரண்டு அணியும் வேல்ஸ், அயர்லாந்து இரண்டையும் வெல்லாமல் வந்தவை. கடைசி இடம் யாருக்கு என்ற ஆட்டம் அது. அந்தப் பதினொருவரும் மறுகா ஒருக்காலும் சேர்ந்து ஆடவில்லை.

ஏறாவூர்_பழைய_பெக்

பயிற்சியைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்றேன்.

முழு மைதானம் வேணும். இடது பக்கம், நம்மட பெனல்டி பெட்டிக்கும் நடுவட்டத்துக்கும் இடையில் நாலு கோன் வைச்சு 15 மீற்றர் சதுரம் ஒன்று அடையாளப்படுத்துங்க. அதுதான் ஜேம்ஸ் நிக்கிற இடம். கோலியும் மூன்று பெக்கும் பெட்டிக்குள். முன்னால நடுக்கோட்டில் மூன்று பேர்: இடது விங், சென்டர் போவேர்ட், வலது விங். எதிரணிக்கு எட்டுப் பேர்: நாலு பேர் நம்மட பெட்டியில் அடிக்க, மூன்று பேர் அந்தப் பக்கம் தடுக்க, ஒரு கோலி. மொத்தம் 16 பிள்ளைகள், பந்து ஆறு. ஆறும் எதிரணி விங்கருக்குப் பக்கத்தில் இருக்கட்டும், ஓடி எடுக்கப் போனால் சூடு ஆறிடும்.

எதிரணி பந்தை உள்ளே போட்டு அடிக்கப் பார்க்கும். பெக் வென்றதும் இரண்டு தொடுகைக்குள்ள சதுரத்துக்கு. ஜேம்ஸுக்கு மூன்று தொடுகை: வாங்க, கிறுக, அனுப்ப. மறுகா முன்வரிசை மூன்று பேரும் 10 நொடிக்குள்ள கோலை நோக்கி அடிக்கணும். பிந்தினால் அந்தத் தரம் கணக்கில்லை. பன்னிரண்டு தரம் செய்து ஜேம்ஸை மாத்துங்க.

எங்க பிழைக்கும் என்றால், முதலாவது உடம்பு நிற்கிற விதம். பிள்ளை பந்தைப் பார்த்து, கோலுக்கு முதுகு காட்டி நிற்பான். வாங்கினதும் கிறுகுறதிலேயே மூன்று தொடுகையும் போயிடும். பந்து வாற நேரமே பக்கவாட்டில் நிற்கணும், இடது தோள் எதிரணிக் கோலைப் பார்த்தபடி. பெக்குக்குத் தூரத்தில் இருக்கிற காலின் உட்பக்கத்தால் வாங்கினால் முதல் தொடுகையிலேயே பந்து முன்னுக்குப் போகும். பந்து காலில் படமுந்தி ஒருக்கா தோளுக்கு மேலால பார்க்கச் சொல்லுங்க. பார்த்தானா என்று சோதிக்க நீங்க நடுக்கோட்டில் நின்று விரல் காட்டுங்க, எத்தனை என்று அவன் கத்தணும்.

இரண்டாவது, விங்கர் அவசரப்பட்டு ஓடி ஓஃப்சைட்டில் மாட்டுறது. தன் பாதிக்குள்ள நிற்கிற ஆள் ஓஃப்சைட் இல்லை, 1907 தொடக்கம் அப்படித்தான். அதனால மூன்று பேரும் நடுக்கோட்டுக்கு நம்மட பக்கம் ஒரு மீற்றர் உள்ளே நிற்கட்டும். ஜேம்ஸின் இரண்டாவது தொடுகைக்கு உடம்பைச் சாய்க்கலாம், உதைத்தபிறகுதான் கோட்டைத் தாண்டணும்.

இடது விங்கரைக் கோட்டோரம் ஒட்டவிட வேணாம். கிளிஃப் பஸ்டின் ஆர்சனலில் 8, 10 மீற்றர் உள்ளே வந்து பெக்குக்கும் சென்டர் ஹாப்புக்கும் இடையால ஓடின ஆள். விங்காக இருந்தே 1932-33இல் லீக்கில் 33 கோல். வலது விங் ஜோ ஹியூம் நேர் ஓட்டக்காரர், அவருக்கு வெளியால இடம் விடணும். ஆகவே ஜேம்ஸுக்கு மூன்று கதவு: பக்கத்தில் பஸ்டின், நேரே சென்டர் போவேர்ட், குறுக்கே தூரத்தில் ஹியூம். முதல் ஆறு தரம் எந்தக் கதவு என்று நீங்க சொல்லுங்க, மிச்சம் அவனே தெரிவு செய்யட்டும்.

காற்று. கச்சான் எழும்புற மாதங்களில் பின்னேரம் குறுக்குப் பந்தை உயர்த்தினால் அது ஆகாயத்தில் நின்று திரும்பி விழும், விங்கர் ஏமாந்து நிற்பான். காற்றுக்கு எதிரா ஆடும் பாதியில் மூன்றாம் கதவை மூடிவிட்டு நிலத்தோட நிலமா முதல் இரண்டும் காணும்.

வாவிக்கரை

ஏறாவூர் நானா சொன்னதோட ஒன்று சேர்க்கணும். சதுரத்தில் நிற்கிற பிள்ளைக்கு எதிரணி ஒராளை ஒட்டிவிட்டால்? ஜேம்ஸுக்கும் அப்படித்தான் செய்தாங்க, அதோட உதையும் சேர்த்து. 1933-34இல் காயத்தால் லீக்கில் 22 ஆட்டம்தான். அப்ப மாற்று ஆட்டக்காரர் கிடையாது, லீக்கில் அது வந்தது 1965இல். நொண்டினால் விங்கில் போய் நிற்கிறதுதான் வழி.

ஒட்டினால் செய்ய வேண்டியது இன்னும் 10 மீற்றர் பின்னுக்குப் போறது. ஒட்டினவன் கூடவே வந்தால் எதிரணியின் நடு திறந்துவிடும், பெக் நேரடியா சென்டர் போவேர்டுக்கு அனுப்பலாம். வராமல் விட்டால் ஜேம்ஸ் தனியா நிற்பார். எப்படியும் இலாபம். இதைப் பிள்ளைகள் மைதானத்தில் கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டிச் சொல்ல வேணாம்.

கோல் கணக்குக்குத் திரும்பினால், 1930-31 பருவத்தைப் பலகையில் எழுதுங்க. ஆர்சனல் 42 ஆட்டத்தில் 127 கோல், 66 புள்ளி. அதில் ஜக் லம்பேர்ட் 38, டேவிட் ஜக் 31, பஸ்டின் 28. மூன்று பேர் சேர்ந்து 97. பந்து தொடங்குறது தன் பாதியில், அடுத்த இரண்டு பாஸில் கோல். அனுப்பினவர் 50 யார் பின்னால நிற்கிறார், ஓடி வந்து சேருறதுக்குள்ள வலை அசைஞ்சிடும். இதுதான் அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில். கடைசிப் பாஸுக்கு முந்தின பாஸை அந்தக் காலத்தில் எவரும் எழுதி வைக்கவில்லை. உங்கட பயிற்சியில் ஒரு பிள்ளையை வெளியில இருத்தி அதை மட்டும் எண்ணச் சொல்லுங்க.

கல்லடி_மணல்

எண்ணுறது நல்ல யோசனை, கால் நொந்த பிள்ளை ஒன்று எப்பவும் வெளியில இருக்கும். கடைசியா ஒன்று: 1930 எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் அவர் அடித்த கோலைப் பற்றி "ஏமாத்திப் போட்ட கோல்" என்று ஒரு இடத்தில் கண்டேன். சரியா?

சந்தாங்கேணி_இடதுகால்

ஏமாத்து இல்லை சேர், சட்டத்துக்குள்ள செய்தது. ஹடர்ஸ்ஃபீல்டுக்கு எதிரா, 16ஆவது நிமிடம். ஜேம்ஸை இடதுபக்கம் விழுத்தினாங்க, ஃப்ரீ கிக். எழும்பினதும் மத்தியஸ்தர் டொம் குறூவை ஒரு பார்வை, அவர் கைகாட்டினார். மற்றவங்க திரும்பி இடம் பிடிக்கமுந்தி ஜேம்ஸ் பஸ்டினுக்குக் குறுக்காத் தட்டிவிட்டார். பஸ்டின் பெக்கைத் தன் பக்கம் இழுத்து, உள்ளே ஓடி வந்த ஜேம்ஸுக்கே திருப்பிக் குடுக்க, அடித்தது கோல். மைதானத்துக்குப் போற பஸ்ஸிலேயே இரண்டு பேரும் கதைச்சு வைச்ச வேலை. பின்னால லம்பேர்ட் ஒன்று போட 2-0. தோற்ற ஹடர்ஸ்ஃபீல்ட், சப்மன் 1924, 1925 இரண்டு வருசமும் பட்டம் எடுத்துக் குடுத்த கழகம்.

இன்றைக்கும் அது செல்லும். எதிரணி 9.15 மீற்றர் விலகணும் என்று நாம கேட்காத வரைக்கும் விசிலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கேட்டாச்சென்றால் விசில் ஊதினபிறகுதான் உதைக்கலாம். நம்மட பிள்ளைகள் விழுந்ததும் முதலில் கையை உயர்த்தித் தூரம் கேட்பாங்க, அதோட வாய்ப்புப் போச்சு. பந்து நின்றிருக்கணும் என்பதையும் சொல்லுங்க. உருளும் பந்தை உதைத்தால் திரும்ப எடுக்கச் சொல்வாங்க, அதுக்குள்ள சுவர் கட்டி முடிஞ்சிடும். விழுந்தவன் பந்தை உள்ளங்காலால் அமத்தி நிறுத்தட்டும், பக்கத்தில் நிற்கிறவன் அதைக் கண்டதும் ஓடத் தொடங்கட்டும்.